மூன்றாம் நிலை என்று நான் சொன்னபோது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முன்னால் ஏதாவது பேசச் சொன்னபோது, நான் செய்த நல்ல காரியங்களைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. ஆகவே ஒரு பிழையைச் சொல்கிறேன். பிழையைப் பற்றி எழுதத் தொடங்கினால் கை நிற்கிறதே இல்லை.

நான் பேச்சு மொழி சிகிச்சையாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். வேலை செய்ததில் பெரும்பகுதி இந்தக் கரையோரத்தில்தான். சோதனைகளை எப்படிச் செய்வது, புள்ளிகளை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றைத் தொடமாட்டேன். சோதனை முடிந்தபின், தாய் கதிரை நுனியில் உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள் அல்லவா, அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓட்டிசத்துக்குள் பல பெயர்கள் இருந்தன. பேச்சு வராத பிள்ளைக்கு ஒரு பெயர். நன்றாகப் பேசியும் ஆட்களோடு பழகத் தெரியாத பிள்ளைக்கு, ஒரு வைத்தியரின் பெயரை ஒட்டி இன்னொரு பெயர். எதிலும் அடங்காத பிள்ளைக்கு வாயில் நுழையாத நீண்ட பெயர் ஒன்று. பிறகு எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்து, மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். உதவி வேண்டும், நிறைய உதவி வேண்டும், மிக நிறைய உதவி வேண்டும். அவ்வளவுதான் அந்த மூன்று எண்களின் அர்த்தம். ஒரு பிள்ளைக்கு அப்படி இரண்டு எண்கள் வரும். மற்றவர்களோடு தொடர்புகொள்வதற்கு ஒன்று. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றங்களையும் சத்தத்தையும் தாங்க முடியாமல் போவது போன்றவற்றுக்கு இன்னொன்று.

இவ்வளவும் எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அன்று காலையிலும் தெரிந்திருந்தது.

அது ஒரு கிளினிக் நாள். வெளியே வாங்கில்களில் இடமில்லாமல் சனம் நின்றது. யதுஷா என்று ஒரு சிறுமி, மூன்றரை வயது. பெயரை மாற்றியிருக்கிறேன், தாய் தகப்பன் பெயர்களையும்தான். உடப்பு என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்திருந்தார்கள். தகப்பன் ஜெகன் மீன்பிடிக்கப் போகிறவர். அன்று கடலுக்குப் போயிருந்தார். தாய் சுதர்சினி மட்டும்தான் பிள்ளையோடு வந்திருந்தாள். யதுஷா ஒரு போத்தல் மூடியைத் தரையில் சுழற்றி விட்டு, அது நிற்கும்வரை கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றதும் மறுபடி சுழற்றினாள். எங்களில் யாரையும் அவள் பார்க்கவில்லை.

வைத்தியர் அறிக்கையில் கையொப்பமிட்டு என்னிடம் தந்தார். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். தாய்க்கு விளங்கும்படி சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். ஓட்டிசம் என்றால் என்ன என்று சொன்னேன். மூளை வேறு விதமாக வளர்வது என்றேன். யாருடைய குற்றமும் இல்லை என்றேன். பிறகு அறிக்கையைப் பார்த்து, "யதுஷாக்கு இருக்கிறது மூண்டாம் நிலை" என்றேன். இரண்டாவது எண் இரண்டு. அதைச் சொல்லவே இல்லை. பெரிய எண்ணைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

சுதர்சினி அழவில்லை. "இனி என்ன மிஸ் செய்யிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏலுமான அளவு செய்வம். நீங்க நிறைய அன்பு காட்டுங்கோ. அதுதான் முக்கியம்."

"எவ்வளவு காலத்துக்கு மிஸ்?"

பயிற்சி எவ்வளவு காலம் என்று கேட்கிறாள் என நினைத்தேன். "அத ஒருத்தராலயும் சொல்லேலாது," என்றேன்.

அவள் அறிக்கையை நான்காக மடித்துக் கைப்பையின் ஆழத்தில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கினாள். எனக்கு நன்றி சொன்னாள். எவ்வளவு தைரியமான தாய் என்று நான் பக்கத்தில் நின்ற தாதியிடம் பெருமையாகச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த திகதிக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாவது முறையும் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதினேன். இவ்வளவு சொல்லியும் அக்கறையில்லையே என்று.

அந்த வாரம் அவர்களது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், அந்தச் சின்னப் புள்ளைக்கு அப்பிடி என்ன நோய் வருத்தம்? தாய் ஒரு கோயில் மிச்சம் விடாமப் போறா. புள்ள கைய நீட்டினதெல்லாம் வாங்கிக் குடுக்கினம். முன்பள்ளியில பெயர் பதியச் சொன்னன். 'இனி என்னத்துக்கு மிஸ்' எண்டு கேக்கிறா."

"அவக்கு வருத்தம் ஒண்டுமில்லையே. ஓட்டிசம்தான்."

"அவ அப்பிடிச் சொல்லேல்ல மிஸ். மூண்டாம் நிலையாம். ஆஸ்பத்திரியில கைவிட்டிட்டினமாம்."

தொலைபேசியை வைத்தேன். நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் திரும்பி வந்தது. ஏலுமான அளவு செய்வம். நிறைய அன்பு காட்டுங்கோ. எவ்வளவு காலம் என்று ஒருத்தராலும் சொல்லேலாது. புற்றுநோய் வார்டில் நின்று சொல்ல வேண்டிய வசனங்களை நான் சிறுவர் கிளினிக்கில் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு மூத்த தாதி இருந்தார், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஏச்சு விழும். சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழைத் தன் விருப்பப்படி வளைத்துப் பேசுவார். என்னைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். நடந்ததைச் சொன்னேன். உடனே சுதர்சினிக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தப் போகிறேன் என்றேன்.

அவர் கையிலிருந்த ஊசித் தட்டைக் கீழே வைத்தார்.

"நங்கி, அந்த அம்மாகிட்ட நீ சொன்னத திருப்பிச் சொல்லச் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப நீ சொல்ல இல்ல. நீ வாசிச்ச. அவ்வளவுதான்." தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "வாயால கெடுத்தத போன்ல சரிப்படுத்த ஏலாது. போ. கால்ல போ."

மறுநாள் விடுமுறை போட்டேன். பத்துளு ஓயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, த்ரீவீல் பிடித்து உடப்புக்குப் போனேன். த்ரீவீல்காரருக்கு வீடு தெரிந்திருந்தது. "அந்த வருத்தக்காரப் புள்ளட வீடா?" என்று கேட்டார். ஊர் முழுவதும் தெரிந்திருந்தது.

முற்றத்து மணலில் யதுஷா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நான் எந்தச் சிகிச்சை அறையிலும் கண்டிராத அளவு போத்தல் மூடிகள். சிவப்பு, நீலம், பச்சை, தங்க நிறம். ஊரில் உள்ள கடைகளெல்லாம் சேர்த்து வைத்துக் கொடுத்திருக்கின்றன. பக்கத்தில் பிஸ்கற் பெட்டிகள், பலூன்கள், ஒரு புது முச்சில்லுச் சைக்கிள். அவள் கழுத்தில் நான்கைந்து கோயில் நூல்கள்.

சுதர்சினி என்னைக் கண்டதும் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். நான் ஏதோ கடைசிச் செய்தியைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றே அவள் முகம் சொன்னது. வழி நெடுக எத்தனையோ விதமாகத் தொடங்க யோசித்திருந்தேன். எல்லாம் மறந்து போயிற்று.

"சுதர்சினி, யதுஷாட உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளேயிருந்து ஜெகன் வந்தார். வலையில் வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். கையில் நூல் சுற்றியிருந்தது.

"ஒரு ஆபத்தும் இல்ல," என்று மறுபடி சொன்னேன். "நான் சொன்ன விதம் பிழை. நீங்க என்ன விளங்கினீங்க எண்டு முதல்ல எனக்குச் சொல்லுங்கோ."

சுதர்சினி சொன்னாள். அவளுடைய அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததாம். வேறொரு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நிலை என்று சொன்னார்களாம். ஏலுமானதைச் செய்வோம், சந்தோசமாக வைத்திருங்கள் என்றார்களாம். ஏழு மாதத்தில் அக்கா போய்விட்டாளாம். "அதே கதையத்தான் நீங்களும் சொன்னீங்க மிஸ். ஒரு சொல்லுகூட வித்தியாசமில்ல."

வித்தியாசமில்லைதான்.

நான் மணலில் உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்தார்கள். ஓட்டிசம் ஆளைக் கொல்லுகிற நோய் இல்லை என்று சொன்னேன். அந்த எண், நோய் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்பதைக் காட்டுகிறதில்லை, பிள்ளைக்கு எவ்வளவு கைதர வேண்டும் என்பதைக் காட்டுகிறது என்று சொன்னேன். எண் ஒன்றில்லை, இரண்டு இருக்கிறது என்று சொல்லி, நான்காக மடித்த அறிக்கையை எடுப்பித்து, இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

ஜெகன் அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப சாகமாட்டா?"

"உங்களப் போல, என்னப் போலத்தான். கிழவியாகி நரைச்சுப் பிறகுதான்."

"மூண்டு எண்டது கூடக் குறைய வருமா?"

"வரும். வயசோட மாறலாம். பழக்கத்தோட மாறலாம். மாறாமலும் இருக்கலாம்."

அவர் வாசலுக்கு வெளியே கரையில் ஏற்றி வைத்திருந்த படகைப் பார்த்தார். "காத்தில்லாத நாளில எங்கட போட்டத் தள்ள மூண்டு பேர் போதும் மிஸ். கச்சான் காத்து அடிச்சா பத்துப் பேர் வேணும். போட் ஒண்டுதான். அப்பிடியா?"

"ஓம். அப்பிடித்தான்." இவ்வளவு காலமும் நான் படித்த எந்தப் புத்தகமும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜெகன் எழுந்து வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு வேலிக்கு அப்பால் யாரையோ பார்த்து, "டேய், என்ட புள்ளைக்கு ஒண்டுமில்லையாம்டா! மிஸ் வந்து சொல்லிப்போட்டா!" என்று கத்தினார். அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல், அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறையச் சனம். ஒன்றுமில்லை என்றால் முற்றாக ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை என்பதை அந்தச் சனத்துக்கெல்லாம் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. இந்த முறை ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். கடைக்காரர் ஒருவர் மட்டும், "அப்ப மூடி சேக்கிறத நிப்பாட்டவா?" என்று கேட்டார். வேண்டாம், தொடருங்கள் என்றேன்.

சுதர்சினி சந்தோசப்படவில்லை. எல்லோரும் போனபின் என் முன்னால் வந்து நின்றாள்.

"மூண்டு மாசம் மிஸ். மூண்டு மாசம் நான் அவ மூச்சு விடுறாவா எண்டு தொட்டுத் தொட்டுப் பாத்தன்."

"என்ட பிழை சுதர்சினி. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையைத் தந்துவிட்டு, "கேட்ட டொபியெல்லாம் குடுத்து ரெண்டு பல்லுச் சூத்தையாப் போச்சு. அதுக்கு எங்க காட்டுறது?" என்று கேட்டாள். அப்போதுதான் அவள் நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்கு உயிரோடு இருக்கப்போகிற பிள்ளையின் பல்லுக்குத்தான் யாரும் கவலைப்படுவார்கள்.

வெளிக்கிடும்போது ஒன்றைக் கவனித்தேன். யதுஷாவின் மூடி ஒன்று உருண்டு கதிரைக்கடியில் போயிற்று. அவள் தாயிடம் வந்து, தாயின் கையைப் பிடித்து, கதிரைப் பக்கம் இழுத்தாள். கிளினிக்கில் எங்களை ஒரு தடவைகூடப் பார்க்காத பிள்ளை. அந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் யாரும் அவளை மாற்ற முயலவில்லை. அவளோடு தரையில் உட்கார்ந்து, அவள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் பிழைக்கு இது சமாதானம் இல்லை. மூன்று மாதப் பயிற்சி தவறிப்போனது உண்மை. ஆனாலும் அடுத்த கிழமை பயிற்சியைத் தொடங்கியபோது, எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து 'நிலை' என்ற சொல்லை நான் பெற்றோரிடம் பாவிக்கவில்லை. 'உதவி அளவு' என்றேன். நீங்கள் வேறு நல்ல சொல் கண்டுபிடித்தால் அதைப் பாவியுங்கள். எந்தச் சொல்லானாலும், அது கேட்பவரின் வீட்டில் ஏற்கெனவே என்ன அர்த்தத்தோடு குடியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பாவியுங்கள்.

யதுஷாவுக்குப் படச் சீட்டுகளால் பேசப் பழக்கினோம். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படம், மூடி வேண்டுமென்றால் மூடிப் படம். அவள் முதலில் பிடித்துக்கொண்ட சீட்டு எது தெரியுமா? 'வேண்டாம்.' சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கை. ஒரு நாள் சுதர்சினி தொலைபேசியில் முறைப்பாடு செய்வதுபோலச் சொன்னாள்: "மிஸ், சோத்துக்கு வேண்டாம். குளிக்க வேண்டாம். பஸ்ஸில கொண்டக்டர் கன்னத்தத் தட்டினார், அவருக்கும் சீட்ட நீட்டிப்போட்டா. கோயில்ல ஐயர் திருநீறு பூச வந்தார் மிஸ்..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐயர் சீட்டை வாங்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாராம். இத்தனை காலமும் அழுகையும் கடியுமாக இருந்த ஒரு மறுப்பை ஒரு மனிதர் மரியாதையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். நாங்கள் கிளினிக்கில் அன்று கேக் வெட்டிக் கொண்டாடினோம்.

இனி இரண்டாவது சங்கடம். இது உங்களுக்கும் கட்டாயம் வரும்.

யதுஷாவுக்கு ஐந்து முடிந்து பாடசாலைக்குப் போகும் வயது வந்தது. ஒரு நாள் ஜெகன் தனியாக வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பாரை மீன். அவர் இடுப்பளவு நீளம்.

"மிஸ், பள்ளிக்கூடத்தில அதிபர் அறிக்கையப் பாத்திட்டு ஏலாது எண்டுறார். மூண்டு எண்டா பாக்க ஆளில்லையாம். நீங்க அந்த மூண்ட ரெண்டாக்கித் தாங்கோ. டொக்டர் லீவில எண்டு கேள்விப்பட்டன். உங்கட கையாலதானே எழுதுறீங்க."

வைத்தியர் விடுமுறையில் இருந்தது உண்மை. பாடசாலைக்குக் கொடுக்கும் சுருக்கக் கடிதத்தை நான் எழுதுவதும் உண்மை. ஒரு எண்ணை மாற்றினால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகும். இரக்கத்தால் அப்படி மாற்றிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

"ஏலாது ஜெகன்," என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "உங்கட ஒரு சொல்லால நாங்க ஒருக்காச் செத்தம் மிஸ். இப்ப ஒரு சொல்லால வாழ விடுங்கோ எண்டுதான் கேக்கிறன். அதுவும் ஏலாதா?"

கடிதத் தாளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். பிறகு சொன்னேன்: "ரெண்டு எண்டு எழுதினா கதவு திறக்கும். உள்ள போனாப் பிறகு அவக்கு உதவி குடுக்க மாட்டினம், ஏனெண்டா தேவையில்லை எண்டு நானே எழுதியிருப்பன். மணிச் சத்தத்துக்கு அவ முதல் நாள் காதப் பொத்திக்கொண்டு கத்துவா. அண்டைக்கே திருப்பி அனுப்புவினம். அப்ப குற்றம் அவட தலையிலதான் விழும். நீங்க மூண்ட என்னட்ட விடுங்கோ. நான் அதிபரோட கதைக்கிறன்."

அவர் நம்பவில்லை. மீனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் மனவருத்தத்தோடு திருப்பிக் கொடுத்த ஒரே மீன் அதுதான்.

அந்தக் கடிதத்தில் மூன்று மூன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே, எந்தப் படிவமும் கேட்காத ஒரு பகுதியைச் சேர்த்தேன். யதுஷாவுக்குச் சுவரோரம், மணியிலிருந்து தூரத்தில் ஓர் இடம் வேண்டும். அவளுடைய சீட்டுக் கொத்து எப்போதும் அவள் மேசையில் இருக்க வேண்டும். ஏதாவது மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே படத்தில் காட்ட வேண்டும். முதல் மாதம் தாய் வகுப்பில் இருக்க அனுமதி வேண்டும். அவளுக்கு என்ன முடியும் என்றும் எழுதினேன்: நிறம் பிரிப்பாள், புத்தகங்களை ஒழுங்காக அடுக்குவாள், வேண்டாததை வேண்டாம் என்று காட்டுவாள்.

அதிபரை நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு கல்நெஞ்சுக்காரரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். களைத்துப் போன ஒரு மனிதர் இருந்தார்.

"மிஸ், எனக்குப் புள்ளையில கோபமில்ல. மூண்டு எண்டு போட்டிருக்கு. அதுக்கு நான் என்ன செய்யோணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. ஏலாத ஒண்டப் பொறுப்பெடுத்துப் புள்ளைக்கு ஏதும் நடந்தா?"

கடிதத்தைக் கொடுத்தேன். மெதுவாக வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது மட்டும்தானா?"

"இது மட்டும்தான் சேர். ஆனா ஒவ்வொரு நாளும்."

அவர் சிரித்தார். "ஒரு மாசம் பாப்பம்," என்றார். யன்னலால் எட்டிப் பார்த்து, மணி தொங்கிய மரத்தை அளப்பதுபோலப் பார்த்தார். நான் கேட்காமலே, "அத அங்கால மரத்துக்கு மாத்தலாம்," என்றார். ஒரு மாதம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. நூலகத்துப் புத்தகங்களை ஒரு பிள்ளை நிற வாரியாக அடுக்கிவிட்டது, அதை மறுபடி இலக்கப்படி மாற்ற மனம் வரவில்லை என்று அதிபர் ஒரு நாள் சொல்லியனுப்பினார்.

எண் பெரிதாக இருந்தால் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கற்பிட்டிப் பக்கம் ஒரு வாப்பா, தன் மகளுக்கு இரண்டு எண்ணும் ஒன்று என்று கேட்டதும், "ஒண்டுதானே மிஸ், அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்து போய்விட்டார். பதினொரு வயதுப் பிள்ளை, கணக்கில் புலி. பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அவர்களைப் போலவே நடந்துகொள்வாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். ஒன்று என்பதும் உதவி வேண்டும் என்றுதான் சொல்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்த இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது அவள் வந்ததும் அரைமணி நேரம் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். தானாகவே வெளியே வந்து கதை சொல்கிறாளாம்.

யதுஷாவுக்கு ஏழு வயதானபோது மறுபடி சோதித்தோம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. வைத்தியர், நான், மேசைக்கு அந்தப் பக்கம் சுதர்சினியும் ஜெகனும், நடுவில் இரட்டைப் பின்னலோடு யதுஷா. கழுத்தில் சீட்டுக் கொத்து. தொடர்புகொள்வதற்கான எண் அப்படியே மூன்றுதான். அவள் வாயால் இன்னும் பேசவில்லை. இரண்டாவது எண் ஒன்றாகக் குறைந்திருந்தது. நான் இரண்டையும் சொன்னேன். ஒவ்வொன்றும் என்ன என்று சொன்னேன். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

சுதர்சினி முந்திக்கொண்டாள். "அது சரி மிஸ். விளங்கிற்று. அத விடுங்கோ. இவ நேத்து என்ன செய்தா எண்டு கேளுங்கோ."

"நான் சொல்லுறன்," என்றார் ஜெகன். அவருக்குச் சொல்ல அவசரமாக இருந்தது. "கடலால வந்து சாய்ஞ்சு கிடந்தன் மிஸ். தண்ணிச் சீட்டத் தந்தா. எழும்பிப் போய்க் கொண்டுவந்து குடுத்தன். குடிக்கேல்ல. திரும்பவும் தண்ணிச் சீட்டு. சரி, குளிர்த் தண்ணி கேக்கிறாவாக்கும் எண்டு போய்க் கொண்டுவந்தன். குடிக்கேல்ல. மூண்டாந்தரமும் நீட்டினா. எழும்பிக் கதவடிக்குப் போய்த் திரும்பிப் பாத்தன். வாயப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா மிஸ்! என்ன ஏய்ச்சு விளையாடியிருக்கிறா!"

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பகிடியின் அர்த்தம் அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரியும். எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார், தான் நீட்டினால் என்ன செய்வார் என்று ஊகிக்கத் தெரிந்த பிள்ளைதான் பகிடி விடும். மூன்று என்ற எண்ணுக்குள் இருந்துகொண்டே அவள் அதைச் செய்திருக்கிறாள்.

வைத்தியர் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இத எந்தப் பெட்டியில எழுதுறது?" என்று தன் மெதுவான தமிழில் என்னைக் கேட்டார்.

"பெட்டி இல்ல டொக்டர்."

அவர் படிவத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்து வெற்றிடத்தில், சின்ன எழுத்தில் எழுதினார்: தகப்பனுக்குப் பகிடி விடுகிறாள்.

யதுஷா எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். கொத்திலிருந்து தண்ணீர்ச் சீட்டை எடுத்தாள். ஜெகனிடம் நீட்டினாள். மேசையில் அவருக்கு முன்னாலேயே ஒரு நிறைந்த போத்தல் இருந்தது.

ஜெகன் எழுந்தார். போத்தலைப் பார்க்காதவர்போலக் கதவைத் திறந்துகொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்.